அம்மாவின் மணிக்கட்டு கூடிவிட்டது. இனி கால்சியம் மாத்திரை மட்டும் போதுமா?

கேள்வி (ஒரு வாசகி) – பிப்ரவரி 3

அம்மாவுக்கு 71 வயது. சில மாதங்களுக்கு முன் பாத்ரூம் வாசலில் கால் வழுக்கி, கையை ஊன்றி விழுந்தார். வலது மணிக்கட்டு உடைந்தது. மாவுக்கட்டு போட்டார்கள், எலும்பு நன்றாகக் கூடிவிட்டது. நான் வற்புறுத்தியதால் எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் எடுத்தோம். இடுப்பில் டி-ஸ்கோர் மைனஸ் 2.1. "இது ஆஸ்டியோபீனியாதான் (அடர்த்தி சற்றுக் குறைவு), ஆஸ்டியோபோரோசிஸ் (எலும்புத் தளர்ச்சி) இல்லை, கால்சியமும் வைட்டமின் டியும் சாப்பிடுங்கள்" என்று அனுப்பிவிட்டார்கள். அம்மாவுக்கு ஒரே நிம்மதி. இந்த வயதில் கீழே விழுந்தால் யாருக்கும் உடையத்தானே செய்யும், இதில் மேற்கொண்டு பார்க்க என்ன இருக்கிறது என்று வீட்டில் எல்லோரும் கேட்கிறார்கள். எனக்கு மட்டும் உறுத்துகிறது.

பிப்ரவரி 3, இரவு

உறுத்தட்டும், நல்லது.

"விழுந்தால் உடையத்தானே செய்யும்" என்பதை முதலில் விடுங்கள். நின்ற உயரத்திலிருந்தோ அதற்கும் கீழேயிருந்தோ விழுந்து எலும்பு முறிந்தால், எலும்பு பலவீனமாக இருக்கிறது என்று அர்த்தம். ஸ்கேன் என்ன சொன்னாலும் சரி. மணிக்கட்டு, தோள்பட்டைக்குக் கீழே மேல்கை, முதுகெலும்பு, இடுப்பு, இவைதான் வழக்கமாக உடையும் இடங்கள். பெண்களுக்குப் பெரும்பாலும் மணிக்கட்டில்தான் ஆரம்பிக்கிறது, ஏனென்றால் அந்த வயதில் இன்னும் கையை நீட்டித் தடுக்கிற வேகம் இருக்கிறது. பத்து வருடம் கழித்து அந்த வேகம் போய்விடும், அப்போது விழுந்தால் பக்கவாட்டில் இடுப்பில்தான் விழுவார்கள்.

உங்கள் அம்மாவுக்குக் கையைச் சரி செய்தார்கள். கை எதனால் உடைந்தது என்று யாரும் பார்க்கவில்லை. எல்லா இடத்திலும் நடப்பதுதான்.

பிப்ரவரி 4

நேற்று தூக்கத்தில் எழுதியதால் மைனஸ் 2.1 பற்றிச் சொல்லாமல் விட்டேன்.

டி-ஸ்கோர் என்பது அம்மாவின் எலும்பு அடர்த்தியை ஆரோக்கியமான இளவயதுக்காரர்களின் சராசரியோடு ஒப்பிடுவது. மைனஸ் 1 வரை சரி, மைனஸ் 1-க்கும் 2.5-க்கும் நடுவில் ஆஸ்டியோபீனியா, மைனஸ் 2.5-உம் அதற்குக் கீழும் ஆஸ்டியோபோரோசிஸ். உலக சுகாதார நிறுவனத்தின் குழு ஒன்று 1994-இல் போட்ட கோடு இது. எங்காவது ஒரு கோடு போட்டாக வேண்டும், போட்டார்கள். மைனஸ் 2.4-இல் எலும்பு பத்திரமாக இருந்து 2.5-இல் திடீரென்று நொறுங்குவதில்லை. இன்னொன்று, ஆஸ்டியோபீனியா வட்டத்தில் இருப்பவர்கள் எண்ணிக்கையில் மிக அதிகம், அதனால் நடக்கிற முறிவுகளில் பெரும்பங்கு அவர்களிடம்தான் நடக்கிறது. தனித்தனியாகப் பார்த்தால் ஆபத்து குறைவு, மொத்தமாகப் பார்த்தால் கூட்டம் அங்கேதான்.

அம்மா சாதாரண ஆஸ்டியோபீனியா இல்லை. ஆஸ்டியோபீனியாவோடு ஒரு முறிவும் சேர்ந்தவர். இது வேறு வகை. இடுப்போ முதுகெலும்போ இப்படி உடைந்திருந்தால் ஸ்கோரைப் பார்க்காமலே மருந்து தொடங்கலாம் என்கின்றன பல வழிகாட்டிகள். மணிக்கட்டு உடைந்து ஸ்கோரும் இப்படி இருந்தால், மருந்து வேண்டுமா என்று உட்கார்ந்து யோசிக்க வேண்டிய கட்டம். "கால்சியம் சாப்பிடுங்கள், போய் வாருங்கள்" என்று முடிகிற கட்டம் இல்லை.

முறிவுக்கு அடுத்த இரண்டு வருடங்களில்தான் இன்னொன்று உடையும் ஆபத்து மிக அதிகம். அதனால் அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளாதீர்கள்.

பிப்ரவரி 4, மறுபடியும்

நான் டாக்டரா என்று கேட்டவருக்கு: இல்லை. நோயாளி. அதுவும் ஆண் நோயாளி, அதனால் யாரும் சந்தேகப்படாத நோயாளி.

தோளும் இடுப்பும் காலையில் இறுகிப்போகிற ஒரு வாத நோய்க்காகப் பிரட்னிசோலோன் என்கிற ஸ்டீராய்டு சாப்பிட்டேன். மாத்திரை அற்புதம் செய்தது, ஒரே வாரத்தில் மாடிப்படி ஏறினேன். ஸ்டீராய்டு எலும்பைத் தின்னும், அதுவும் முதல் மூன்று முதல் ஆறு மாதங்களில்தான் வேகமாகத் தின்னும் என்று எனக்கு எவரும் சொல்லவில்லை. ஒரு நாள் இறுகிக் கிடந்த ஜன்னலைத் தூக்கித் திறந்தேன், முதுகின் நடுவில் ஏதோ அமுங்கியது போல இருந்தது, அடுத்த நிமிடம் மூச்சு விட முடியவில்லை. தசைப்பிடிப்பு என்றார்கள். களிம்பு, பெல்ட், ஒத்தடம், தெரிந்தவர்களின் ஆலோசனை எல்லாம் வரிசையாக நடந்தன. வலி மெல்லக் குறைந்தது, நானும் மறந்துவிட்டேன்.

ரொம்ப நாள் கழித்து இருமலுக்காக எடுத்த மார்பு எக்ஸ்ரே ரிப்போர்ட்டின் கடைசி வரியில் இருந்தது: இரண்டு முதுகெலும்புகளில் பழைய அமுக்க முறிவு. நுரையீரல் நன்றாக இருக்கிறது என்று சொல்லி ரிப்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்தார்கள். கடைசி வரியை யாரும் படிக்கவில்லை. வேலையில் இருந்த காலத்தில் கணக்குத் தணிக்கை பார்த்தவன், கடைசி வரியை முதலில் படிக்கிற பழக்கம், அதனால்தான் தெரியவந்தது.

முதுகெலும்பு முறிவுகளில் மூன்றில் ஒன்றுதான் மருத்துவக் கவனத்துக்கு வருகிறது. மற்றவை "வயசாச்சு, முதுகு வலிக்கும்" கணக்கில் போய்விடுகின்றன. இளவயது உயரத்திலிருந்து நாலு சென்டிமீட்டருக்கு மேல் குறைந்திருந்தால் முதுகை எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பது நல்லது. என் பேன்ட் எல்லாம் தரையில் இழுபட ஆரம்பித்தபோது துணி தளர்ந்துவிட்டது என்று நினைத்தேன். மனைவி என்னைவிட உயரமாகத் தெரிகிறாள் என்பதை மட்டும் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை.

உங்கள் அம்மாவின் உயரத்தை அளந்தீர்களா?

பிப்ரவரி 6

"ஆண்களுக்கும் வருமா சார்?" வரும். 50 வயதைத் தாண்டிய பெண்களில் மூன்றில் ஒருவருக்கும், ஆண்களில் ஐந்தில் ஒருவருக்கும் மீதி வாழ்நாளில் இப்படி ஒரு முறிவு வரும் என்பது பரவலாக ஒப்புக்கொள்ளப்பட்ட கணக்கு. பெண்களுக்கு மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் விழுந்துவிடுவதால், முதல் ஐந்தாறு வருடங்களில் எலும்பு மளமளவென்று கரையும். எங்களுக்கு மெதுவாகப் போகும். ஆனால் இடுப்பு உடைந்தபின் ஒரு வருடத்துக்குள் இறந்துபோகிற விகிதம் ஆண்களிடம்தான் அதிகம். புராஸ்டேட் புற்றுநோய்க்கு ஹார்மோனை அடக்கும் ஊசி போடுகிறவர்கள் இதைக் கட்டாயம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பிப்ரவரி 7

வாசகி உயரம் அளந்துவிட்டார், இரண்டு சென்டிமீட்டருக்கும் குறைவாகத்தான் இறங்கியிருக்கிறதாம். நல்ல செய்தி.

இப்போது ஃபிராக்ஸ். பிரிட்டனின் ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தில் உருவாக்கி 2008-இல் வெளியிட்ட கணக்கீடு. வயது, எடை, உயரம், முன்பு எலும்பு உடைந்ததா, பெற்றோருக்கு இடுப்பு உடைந்ததா, புகை, மது, ஸ்டீராய்டு, முடக்கு வாதம் என்று கேட்டுவிட்டு, அடுத்த பத்து வருடத்தில் முறிவுக்கு எத்தனை சதவீத வாய்ப்பு என்று சொல்லும். ஸ்கேன் எண் இல்லாமலும் போடலாம். ஒவ்வொரு நாட்டுக்கும் தனித்தனி, அதனால் சரியான நாட்டைத் தேர்ந்தெடுங்கள், இல்லையென்றால் எண் தலைகீழாகும்.

எனக்கு இதில் இரண்டு சண்டை உண்டு. ஒன்று, "நீங்கள் அடிக்கடி விழுவீர்களா?" என்று அதன் அடிப்படை வடிவம் கேட்பதில்லை. இரண்டு, எலும்பு உடைந்தது போன மாதமா, இருபது வருடத்துக்கு முன்பா என்று பிரித்துப் பார்ப்பதில்லை. அம்மாவின் விஷயத்தில் அந்த இரண்டும்தான் முக்கியம். அதனால் வருகிற எண்ணைவிட நிஜ ஆபத்து கூடுதல் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

பிப்ரவரி 9

கால்சியம், வைட்டமின் டி. இதை எழுதினால் திட்டு வாங்குவேன் என்று தெரியும்.

அமெரிக்காவில் 25,871 பேரைச் சேர்த்து, தினம் 2000 யூனிட் வைட்டமின் டி கொடுத்துப் பார்த்த ஆய்வின் முறிவுக் கணக்கு 2022-இல் வந்தது. மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் முறிவில் வித்தியாசம் இல்லை. அதற்கு முன் 36,000-க்கும் மேற்பட்ட பெண்களுக்குக் கால்சியமும் டியும் சேர்த்துக் கொடுத்த பெரிய ஆய்விலும் இடுப்பு முறிவு குறிப்பிடும்படி குறையவில்லை, சிறுநீரகக் கல் மட்டும் கொஞ்சம் கூடியது. எனவே உடலில் பற்றாக்குறை இல்லாத, வீட்டில் நடமாடுகிற ஒருவருக்கு இந்த இரண்டு மாத்திரையை மட்டும் எழுதிக் கொடுத்து "சிகிச்சை ஆரம்பித்துவிட்டது" என்று சொன்னால், ஆரம்பிக்கவில்லை என்றுதான் அர்த்தம்.

வருடத்துக்கு ஒரே ஒரு பெரிய டோஸ் போட்டுக்கொள்கிறேன், வேலை முடிந்தது என்கிற நண்பருக்கு: வயதான பெண்களுக்கு வருடம் ஒருமுறை 5 லட்சம் யூனிட் கொடுத்துப் பார்த்த ஆஸ்திரேலிய ஆய்வு 2010-இல் வெளியானது. அந்தப் பெண்கள் அதிகமாக விழுந்தார்கள், அதிகமாக உடைத்துக்கொண்டார்கள். மருந்து அதிகமானால் நன்மையும் அதிகமாகும் என்ற கணக்கு இங்கே செல்லாது.

பிப்ரவரி 10

"அப்போ டி மாத்திரையைக் குப்பையில் போடவா?" என்று கோபமாகக் கேட்டிருக்கிறார் ஒருவர். வேண்டாம். நேற்று ஒரு பக்கத்தைத்தான் சொன்னேன். இன்னொரு பக்கமும் உண்டு.

பிரான்ஸில் முதியோர் இல்லங்களில் இருந்த, சராசரியாக 84 வயதைத் தொட்ட பெண்களுக்குத் தினம் 1200 மி.கி. கால்சியமும் 800 யூனிட் வைட்டமின் டியும் கொடுத்தபோது இடுப்பு முறிவு நன்றாகக் குறைந்தது. 1992-இல் வந்த ஆய்வு. அவர்கள் வெயிலைப் பார்க்காதவர்கள், சாப்பாடும் குறைவு. பற்றாக்குறை இருக்கிற இடத்தில் கொடுத்தால் வேலை செய்கிறது, நிறைந்திருக்கிற இடத்தில் ஊற்றினால் வழிகிறது. ஆஸ்திரேலிய முதியோர் இல்லங்களில் மாத்திரையே இல்லாமல், பால், தயிர், பாலாடைக்கட்டியைச் சாப்பாட்டில் கூட்டிப் பார்த்தார்கள். 2021-இல் வந்த முடிவு: முறிவுகள் 33 சதவீதம் குறைந்தன. அங்கே புரதமும் சேர்ந்தே கூடியது என்பதை மறக்கக் கூடாது. வயதானவர்கள் "எனக்கு இது போதும்" என்று தட்டை நகர்த்திவிடுவதுதான் பல வீடுகளில் நிஜப் பிரச்சினை, அதற்கு மாத்திரை கிடையாது.

நாளுக்கு 1000 முதல் 1200 மி.கி. கால்சியம் என்பது சாப்பாட்டையும் சேர்த்த கணக்கு. சாப்பாட்டில் 700 வந்துவிட்டால் மீதிக்குத்தான் மாத்திரை. நான் கேட்ட முக்கால்வாசிப் பேர் இதைக் கூட்டிப் பார்த்ததே இல்லை.

பிப்ரவரி 13

மருந்துகளுக்கு வருகிறேன்.

எலும்பு சும்மா கிடக்கிற பொருள் இல்லை. பழைய எலும்பைத் தோண்டி எடுக்கும் செல்கள் ஒரு பக்கம், அந்தக் குழியை நிரப்பும் செல்கள் இன்னொரு பக்கம், சாலை பழுதுபார்க்கிற மாதிரி வாழ்நாள் முழுவதும் இந்த வேலை நடக்கிறது. வயதானால் தோண்டுகிற ஆட்கள் சுறுசுறுப்பு, நிரப்புகிறவர்கள் மந்தம். அலென்ட்ரோனேட், ரிசெட்ரோனேட், சோலெட்ரோனிக் ஆசிட் எல்லாம் தோண்டுகிறவர்களை அடக்கும் மருந்துகள்.

வாராந்திர அலென்ட்ரோனேட் 70 மி.கி. எடுப்பதே ஒரு சடங்கு. காலையில் வெறும் வயிற்றில், ஒரு பெரிய டம்ளர் வெறும் தண்ணீரோடு விழுங்க வேண்டும். காபியோடு கூடாது, பாலோடு கூடாது, கால்சியம் மாத்திரையோடு கூடவே கூடாது. அப்புறம் அரை மணி நேரம் படுக்கக் கூடாது, குனிந்து வேலை செய்யக் கூடாது, சாப்பிடவும் கூடாது. மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டால் புண்ணாக்கிவிடும். நான் ஞாயிற்றுக்கிழமை காலை என்று வைத்துக்கொண்டு, விறைப்பாக உட்கார்ந்து செய்தித்தாள் படிப்பேன், வீட்டில் பேரன் "தாத்தா இன்னிக்கு சிலை" என்பான். நெஞ்செரிச்சல் தாங்காமல் பிறகு வருடம் ஒருமுறை போடும் சோலெட்ரோனிக் ஆசிட் டிரிப்புக்கு மாறினேன். முதல் டிரிப் அன்று ராத்திரி காய்ச்சலும் உடம்புவலியும் வரும் என்று முன்னாலேயே சொன்னார்கள், வந்தது, போனது. அடுத்த தடவை ஒன்றும் தெரியவில்லை.

பலன் எவ்வளவு? இந்த டிரிப்பைப் பற்றி 2007-இல் வந்த பெரிய ஆய்வில், மூன்று வருடத்தில் முதுகெலும்பு முறிவு 70 சதவீதமும் இடுப்பு முறிவு 41 சதவீதமும் குறைந்தன. அது ஆஸ்டியோபோரோசிஸ் இருந்த பெண்களுக்கு. வாசகியின் அம்மாவுக்குப் பொருந்துவது இன்னொன்று: நியூசிலாந்தில் 65 வயதுக்கு மேற்பட்ட, ஆஸ்டியோபீனியா மட்டும் இருந்த 2000 பெண்களுக்கு ஒன்றரை வருடத்துக்கு ஒருமுறை இதே டிரிப். 2018-இல் முடிவு வந்தது, ஆறு வருடத்தில் முறிவு ஏற்பட்டவர்கள் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்திருந்தார்கள். "ஆஸ்டியோபீனியாதானே" என்று சொல்கிறவரிடம் இதைக் கேட்டுப் பாருங்கள்.

கிட்னி பலவீனமானவர்களுக்கு இந்த டிரிப் ஆகாது, முன்னால் ரத்தப் பரிசோதனை வேண்டும்.

பிப்ரவரி 14

தாடை எலும்பு அழுகிவிடும் என்று கேள்விப்பட்டோம் என்று மூன்று பேர். இப்படி ஒரு பக்கவிளைவு இருக்கிறது, நிஜம். ஆனால் பெரும்பாலும் புற்றுநோய்க்காக அடிக்கடி, அதிக அளவில் இந்த மருந்தை எடுப்பவர்களிடம். எலும்புத் தளர்ச்சிக்கான அளவில் மிக மிக அரிது. பல் பிடுங்குகிற வேலை இருந்தால் முடித்துவிட்டுத் தொடங்குங்கள், பல் டாக்டரிடம் இந்த மருந்தின் பெயரைச் சொல்லுங்கள், அவ்வளவுதான். நான் சொன்னதும் என் பல் டாக்டர் ஒரு நிமிடம் கையைப் பின்னால் இழுத்தார், பிறகு ஈறு சுத்தம் செய்துவிட்டுத்தான் அனுப்பினார்.

நான் உண்மையிலேயே கவனிக்கச் சொல்வது தொடையை. வருடக்கணக்கில் எடுத்தவர்களில் அபூர்வமாகச் சிலருக்குத் தொடை எலும்பின் நடுத்தண்டு, பெரிதாக அடிபடாமலேயே முறியும். அதற்குச் சில வாரங்கள் முன்பே தொடையிலோ கவட்டியிலோ மந்தமான வலி வரும். அந்த வலி வந்தால் இரண்டு தொடைக்கும் எக்ஸ்ரே.

இதனால்தான் ஐந்து வருட மாத்திரைக்குப் பிறகு, அல்லது மூன்று வருட டிரிப்புக்குப் பிறகு, தொடரலாமா இடைவெளி விடலாமா என்று டாக்டர்கள் யோசிக்கிறார்கள். மருந்து எலும்பில் படிந்திருப்பதால் நிறுத்தியபிறகும் கொஞ்ச காலம் பலன் இருக்கும். ஆபத்து அதிகமானவர்களுக்கு இடைவெளி இல்லை, தொடர வேண்டும். தானாகவே விடுமுறை எடுத்துக்கொள்கிறவர்கள்தான் அதிகம், ஏனென்றால் இந்த நோய் வலிக்காது. மூட்டு வலிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, "மாத்திரை சாப்பிட்டும் முழங்கால் வலி போகவில்லை" என்று நிறுத்தியவர்கள் என் சொந்தத்திலேயே இருக்கிறார்கள்.

பிப்ரவரி 18

தோண்டுகிற செல்களை அடக்க ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் டெனோசுமாப் ஊசி பற்றி யாரும் கேட்கவில்லை, ஆனாலும் எழுதுகிறேன், ஏனென்றால் நான் இங்கே எழுதியதிலேயே இதுதான் அவசரமானது.

போட்டுக்கொள்ளச் சுலபம், கிட்னி பலவீனமானவர்களுக்கும் போடுவார்கள், ஆனால் அவர்களுக்கு ரத்தக் கால்சியம் ஆபத்தான அளவுக்கு இறங்கலாம், கண்காணிப்பு வேண்டும். எலும்பு அடர்த்தி நன்றாக ஏறும். ஆனால் இது எலும்பில் தங்குவதில்லை. கடைசி ஊசிக்குப் பிறகு ஏழாவது மாதத்திலிருந்து, அடங்கிக் கிடந்த கரைப்பு வேலை மொத்தமாகக் கிளம்பும், சிலருக்கு ஒரே சமயத்தில் பல முதுகெலும்புகள் உடைந்திருக்கின்றன. நிறுத்துவதென்றால் அதன் இடத்தில் வேறு மருந்தை, பெரும்பாலும் சோலெட்ரோனிக் ஆசிட் அல்லது அலென்ட்ரோனேட்டை, உடனே வைக்க வேண்டும்.

என் அண்ணிக்கு இதைப் போட்ட இடத்தில் "ஆறு மாதம் கழித்து வாருங்கள்" என்று சொன்னார்களே தவிர, வராவிட்டால் என்ன ஆகும் என்று சொல்லவில்லை. கல்யாண வேலை, ஊருக்குப் போனது என்று தள்ளிப்போயிற்று. நல்லவேளை நான் தேதியைக் கேட்டேன், இரண்டு வாரம்தான் தாமதம், ஓடிப்போய்ப் போட்டுக்கொண்டார். இப்போது அண்ணன், அண்ணி, அவர்கள் பெண் மூன்று பேர் போனிலும் அந்தத் தேதி இருக்கிறது.

எலும்பை வளர்க்கிற மருந்துகளும் உண்டு. தினமும் தானே போட்டுக்கொள்ளும் டெரிபாரடைட், மாதம் ஒருமுறை வீதம் ஒரு வருடம் போடும் ரோமோசோசுமாப். ரொம்ப மோசமான எலும்புக்கு இப்போது இவற்றில்தான் தொடங்குகிறார்கள். சமீபத்தில் மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்களுக்கு ரோமோசோசுமாப் கூடாது. இவற்றை முடித்தபின்னும் கரைப்பைத் தடுக்கும் மருந்து தொடர்ந்தால்தான் வளர்ந்தது நிற்கும். அம்மாவுக்கு இவ்வளவு தூரம் போக வேண்டியிருக்காது என்று நினைக்கிறேன்.

பிப்ரவரி 22

இத்தனை நாள் எலும்பைப் பற்றியே பேசிவிட்டோம். இடுப்பு முறிவுகளில் 90 சதவீதத்துக்கு மேல் விழுவதால் வருகின்றன. விழாதவருக்கு இடுப்பு எப்போதாவதுதான் உடையும். அம்மா ஏன் விழுந்தார்? "வழுக்கியது" என்பது பதில் இல்லை, அதே பாத்ரூம் வாசலில் எத்தனை வருடம் வழுக்காமல் நடந்திருப்பார்.

முதலில் மாத்திரைப் பெட்டியைக் கவிழ்த்துப் பாருங்கள். தூக்க மாத்திரை, மனப்பதற்றத்துக்கான மாத்திரை, சில மனச்சோர்வு மாத்திரைகள், ஒவ்வாமைக்காகச் சாப்பிடும் மயக்கம் தரும் மாத்திரை, ரத்த அழுத்த மாத்திரை. எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள், பட்டியலை எடுத்துக்கொண்டு போய்க் கேளுங்கள். ரத்த அழுத்தத்தை உட்கார்ந்த நிலையில் மட்டும் பார்த்துவிட்டு அனுப்புவார்கள். படுத்துச் சற்று நேரம் ஆனபின் ஒருமுறை, எழுந்து நின்று ஒரு நிமிடத்திலும் மூன்று நிமிடத்திலும் பார்க்கச் சொல்லுங்கள். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால், ராத்திரி படுக்கையிலிருந்து எழுகிறபோது தலை சுற்றுவதன் காரணம் கிடைத்துவிட்டது.

அடுத்தது கண்ணாடி. தூரப்பார்வையும் கிட்டப்பார்வையும் ஒரே கண்ணாடியில் இருந்தால் படியிறங்கும்போது கீழ்ப்பாதி வழியாகப் பார்ப்பார்கள், படியின் விளிம்பு மங்கிவிடும். வெளியே நிறைய நடப்பவர்களுக்குத் தூரப்பார்வைக்கென்று தனிக் கண்ணாடி உதவும். கண்புரை இருந்தால் தள்ளிப்போடாதீர்கள், முதல் கண்ணில் அறுவை செய்தாலே விழுவது குறைகிறது.

வீட்டுக்குள் என்றால்: படுக்கையிலிருந்து பாத்ரூம் வரை ராத்திரி வெளிச்சம், பாத்ரூமில் சுவரோடு இறுக்கிய கைப்பிடி (துண்டு மாட்டும் கம்பி இல்லை, அது கையோடு வந்துவிடும்), நழுவும் மிதியடிகளை எடுத்துவிடுவது, குதிகாலை மூடிய செருப்பு. வீட்டுப் பூனைக்கு என்ன செய்வது என்று ஒருவர் கேட்டிருந்தார். என்னிடம் பதில் இல்லை. எங்கள் வீட்டில் பூனைக்குக் கழுத்து மணி கட்டினோம், அது மணி அடிக்காமல் நடக்கப் பழகிக்கொண்டது.

பிப்ரவரி 23

விட்டுப்போனது: விழுந்தால் எப்படி எழுவது என்று யாராவது சொல்லிக்கொடுத்திருக்கிறார்களா? எலும்பு உடையாமலே, எழ முடியாமல் மணிக்கணக்கில் தரையில் கிடந்து உடம்பு கெட்டவர்கள் உண்டு. பிசியோதெரபிஸ்ட் எனக்குச் சொல்லிக்கொடுத்த வரிசை: அவசரப்படாதே, எங்கே வலிக்கிறது என்று பார், பக்கவாட்டில் திரும்பு, முழங்கையில் ஊன்று, நாலு காலில் வா, அருகிலுள்ள உறுதியான நாற்காலிக்குத் தவழ்ந்து போ, வலுவான காலை முன்னால் வைத்து எழு. இடுப்பு வலித்தாலோ கால் திரும்பிக் கிடந்தாலோ எழவே கூடாது. போனை மேசை மேல் வைக்காமல் சட்டைப் பையில் வைப்பதும் இதில் சேரும்.

மார்ச் 1

"அம்மா தினமும் நடக்கிறார், அது போதாதா?" நடப்பது இதயத்துக்கும் மனசுக்கும் நல்லது. நடந்தால் மட்டும் எலும்பு அடர்த்தி ஏறாது, தடுமாறுகிறவர் வேக நடைக்குப் போனால் விழுவது கூடவும் வாய்ப்பிருக்கிறது. நீச்சலும் சைக்கிளும் எடையைத் தாங்காததால் எலும்புக்குப் பெரிதாக எதுவும் செய்வதில்லை.

விழுவதைக் குறைப்பது சமநிலைப் பயிற்சி. தனித்தனியாக நடந்த ஆய்வுகளைக் கூட்டிப் பார்த்து 2019-இல் வந்த தொகுப்பின்படி, வீட்டில் வாழும் முதியவர்களிடம் உடற்பயிற்சி விழும் விகிதத்தை 23 சதவீதம் குறைத்தது. ஒற்றைக்காலில் நிற்பது, குதிகாலும் விரலும் தொடுமாறு கோட்டில் நடப்பது, கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது. டாய் சி என்கிற மெதுவான சீனப் பயிற்சியும் இந்த வகைதான். கைக்கெட்டும் தூரத்தில் பிடிக்க ஏதாவது இருக்க வேண்டும். சமநிலை பழகப் போய் விழுந்து உடைத்துக்கொண்டார் என்ற பெயர் நமக்கு வேண்டாம்.

எலும்பை ஏற்றுவது எடை தூக்குவது. வயதானவர்களுக்குக் கூடாது என்று பயமுறுத்துவார்கள். ஆஸ்திரேலியாவில் எலும்பு அடர்த்தி குறைந்த பெண்களுக்கு, வாரம் இரண்டு நாள், அரை மணி நேரம், பயிற்சியாளர் பக்கத்தில் நின்று கனமான எடையைத் தூக்கவைத்தார்கள். எட்டு மாதத்தில் முதுகெலும்பிலும் இடுப்பிலும் அடர்த்தி மேம்பட்டது. பக்கத்தில் நின்று என்பதைக் கவனிக்கவும். என்னைப் போல முதுகெலும்பு ஏற்கெனவே அமுங்கியவர்கள் முன்னால் வளைந்து கால் விரலைத் தொடுவது, வளைந்தபடியே திருகுவது எல்லாம் செய்யக் கூடாது. இளவயதில் யோகா வகுப்பில் நான்தான் முதலில் விரலைத் தொடுவேன், இப்போது கீழே விழுந்த பேனாவைக்கூட முழங்காலை மடித்துத்தான் எடுக்கிறேன்.

மார்ச் 5

பெரியப்பாவுக்கு இடுப்பு உடைந்துவிட்டது, 86 வயது, அறுவை தாங்குவாரா, படுக்கையிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளலாமா என்று நேற்று ஒருவர் பதற்றமாகக் கேட்டிருந்தார். வயதைச் சொல்லித் தள்ளிப்போடாதீர்கள். பெரும்பாலானவர்களுக்கு அறுவைதான் வழி, அதுவும் ஒன்றிரண்டு நாளுக்குள். படுக்கையில் கிடந்தால் நிமோனியா, ரத்தக்கட்டி, படுக்கைப்புண் என்று வரிசையாக வரும். அறுவைக்கு அடுத்த நாளே எழுப்பி நிற்கவைப்பார்கள், அதைக் கொடுமை என்று நினைத்துச் சண்டை போடாதீர்கள். ராத்திரியில் திடீரென்று குழம்பிப் பேசுவார், ஆளைத் தெரியாது என்பார், அது பலருக்கும் வருவது. அவருடைய கண்ணாடியையும் காது மிஷினையும் உடனே எடுத்துக்கொண்டு போங்கள், தெரிந்த முகம் ஒன்று பக்கத்தில் இருக்கட்டும்.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் எலும்புக்கு மருந்து எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இடுப்பு உடைந்தவர்களுக்கு 90 நாளுக்குள் சோலெட்ரோனிக் ஆசிட் கொடுத்த ஆய்வில் புதிய முறிவு 35 சதவீதமும், இறப்பு 28 சதவீதமும் குறைந்தன. வழக்கமாக அந்தச் சீட்டில் வலி மாத்திரையும் வயிற்றுக்கு ஒரு மாத்திரையும்தான் இருக்கும். இந்த ஓட்டையை அடைக்கவே ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் 1990-களின் கடைசியில் ஒரு ஏற்பாடு தொடங்கினார்கள்: 50 தாண்டிய யாருக்கு எலும்பு உடைந்து வந்தாலும், கட்டுப் போட்ட கையோடு ஒரு செவிலியர் பெயரைக் குறித்துக்கொண்டு எலும்புப் பரிசோதனைக்குக் கூப்பிடுவார். இப்போது பல நாடுகளில் இருக்கிறது. உங்கள் மருத்துவமனையில் இல்லையென்றால் அந்தச் செவிலியர் வேலையை வீட்டில் ஒருவர்தான் பார்க்க வேண்டும்.

மார்ச் 12

வாசகி திரும்பி வந்திருக்கிறார். வேறு டாக்டரைப் பார்த்தார்களாம், ரத்தப் பரிசோதனைகள் எழுதியிருக்கிறார், வாராந்திர மாத்திரையா வருடாந்திர டிரிப்பா என்று அம்மாவையே தேர்ந்தெடுக்கச் சொல்லியிருக்கிறார். அம்மாவுக்கு மாத்திரைதான் வேண்டுமாம், ஊசி என்றால் பயம்.

சரி, மாத்திரையே எடுக்கட்டும். விழுங்குவதில் சிரமம் இருந்தாலோ அரை மணி நேரம் நிமிர்ந்து உட்கார முடியாவிட்டாலோ மட்டும் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். பரிசோதனையில் கால்சியம், வைட்டமின் டி, கிட்னி, தைராய்டு எல்லாம் இருக்கிறதா என்று பாருங்கள். கால்சியம் கூடுதலாக இருந்தால் கழுத்தில் இருக்கும் பாராதைராய்டு சுரப்பியின் ஹார்மோனையும் பார்க்கச் சொல்லுங்கள், மருந்துக்கு மசியாத எலும்புக்குச் சில சமயம் அந்தச் சுரப்பிதான் காரணம். அடுத்த டெக்ஸாவை ஒன்றிரண்டு வருடம் கழித்து அதே இடத்தில், அதே மெஷினில் எடுங்கள், வேறு மெஷினின் எண்ணோடு ஒப்பிட முடியாது. முதுகில் எண் திடீரென்று ஏறியிருந்தால் உடனே கொண்டாட வேண்டாம், தேய்ந்த மூட்டு ஓரங்களில் வளரும் எலும்பும் அமுங்கிய முதுகெலும்பும் அந்த எண்ணைத் தூக்கிக் காட்டும், அப்போது இடுப்பு எண்ணைப் பாருங்கள்.

அம்மாவின் மாத்திரைப் பெட்டியில் தூக்க மாத்திரை இருக்கிறதா என்று மட்டும் அவர் இன்னும் சொல்லவில்லை.